இடைக்கால ஜீவனாம்ச உத்தரவும் நம் கடமையும்

(வெள்ளி விழாவையொட்டி இளைஞர் பிரிவினர் கூட்டிய சட்ட விளக்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் சாதனைகளைக் கூறுவதே மரபு. இரவுப் பள்ளியில் எழுத்தறிந்தோர் எத்தனை பேர், விடுதியில் தங்கிப் படித்துப் பட்டம் பெற்றோர் எத்தனை பேர் என்பனவற்றை எடுத்துரைக்க இவ்விழாவில் தக்கார் பலர் இருக்கின்றனர். சட்ட உதவிக் குழுவினராகிய எங்களுக்கு ஒதுக்கப்பட்ட பொருளோ விழாக் கோலத்துக்குச் சற்றும் பொருந்தாத ஒன்று. இடைக்கால ஜீவனாம்சம் தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டால் அதனை எதிர்த்து யாது செய்யலாம் என்பதே அப்பொருள். இளைஞர் பிரிவினரே எழுதிக் கேட்ட கேள்வி இது. கேட்டவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். ஆதலின் இதனை மேடையேற்றலாமா என்று எங்கள் குழுவிலேயே கருத்து வேற்றுமை எழுந்தது. "பெண்டாட்டி பிள்ளைக்குச் சோறு போடாமல் தப்பிக்கும் வழியைச் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்களா?" என்று மகளிர் பிரிவுத் தாய்மார்கள் எங்களை நேருக்கு நேர் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். அதற்கு விடை கூறாமல் இவ்வுரையைத் தொடர எங்களுக்கு உரிமையில்லை. எங்கள் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். விடை அதிலேயே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதி இளைஞர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் கையில் கசங்கிய தாளுடன் கழகத்துக்கு வந்தார். நகராட்சித் தூய்மைப் பணியில், ஒப்பந்ததாரரிடம் நாட்கூலிக்கு இருந்தவர். கையிலிருந்தது நீதிமன்ற வாரண்டு. பிரிந்து வாழும் மனைவிக்கும் நான்கு வயதுக் குழந்தைக்குமாக மாதம் 6,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் தருமாறு ஏழு மாதங்களுக்கு முன்னரே உத்தரவாகியிருந்தது. அவர் ஒரு மாதத் தொகையும் கட்டவில்லை. நிலுவை 42,000 ரூபாய். அவர் பெற்றுவந்த கூலியோ நாளொன்றுக்கு 400 ரூபாய். மாதத்தில் 26 நாள் வேலை கிடைத்தால் 10,400. மனைவியின் மனுவில், எதிர்மனுதாரர் நகராட்சியின் நிரந்தரப் பணியாளர் என்றும் மாதச் சம்பளம் 32,000 என்றும் எழுதப்பட்டிருந்தது. அதனை மறுக்க எதிர்மனுதாரர் மன்றத்துக்கு வரவேயில்லை. மறுப்பார் இல்லாத கூற்றை மன்றம் ஏற்றுக்கொண்டது.

"சம்மன் வந்ததா, தம்பி?" என்று கேட்டோம். வந்தது என்றார். "பின் ஏன் போகவில்லை?" என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "போக வேண்டாம், குடும்ப விஷயத்தைக் கோர்ட்டு வாசலுக்குக் கொண்டு போனால் நம் தெருவுக்கே கேவலம், உள்ளூரிலேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

அவர் கூறியது உண்மை. சம்மன் வந்த வாரமே அதனை எங்களுள் ஒருவரிடம் காட்டியிருக்கிறார். நாங்கள் சொன்ன சொல்லை நம்பி அவர் வீட்டில் இருந்துவிட்டார். நாங்களும் பேசி முடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று நாளைக் கடத்தினோம். கல்விக் கழகம் என்று பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டிருக்கும் நாம், சம்மன் என்னும் ஒரு தாளைப் படித்துப் பொருள் சொல்லத் தவறினோம். வெள்ளி விழா மலரில் இத்தவறும் அச்சேறட்டும் என்றே இதனைச் சொல்லுகிறோம்.

மறுநாள் அவருடைய மனைவியைக் காண அவர் தாய்வீட்டுக்குச் சென்றோம். அவரும் நம் தெருவில் வளர்ந்த பெண்தான். நம் இரவுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நிரந்தர வேலை என்றும் 32,000 சம்பளம் என்றும் பொய்யாக எழுதியது ஏன் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டோம். அவர் சினம் கொள்ளவில்லை. "எனக்கு என்ன தெரியும், அண்ணா? கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து கையில் எவ்வளவு வருகிறது என்று ஒரு நாளாவது சொன்னாரா? நகராட்சி வண்டியில் ஏறிப் போகிறார். பக்கத்து வீட்டுக்காரர் நகராட்சியில் நிரந்தர வேலை. அவர் சம்பளத்தை விசாரித்து வக்கீலிடம் சொன்னேன்" என்றார்.

தோழர்களே, இவ்விடத்தில் நாம் நின்று எண்ண வேண்டும். அவ்வுத்தரவில் பிழை இருந்தது மெய். அப்பிழை எங்கே பிறந்தது? ஐந்தாண்டுக் காலம் மனைவியிடம் கூலியை மறைத்த கணவரின் வாயடைப்பில் பிறந்தது. மறைத்த தொகைக்கு ஈடாக அவர் ஊகித்த தொகை மன்றத்தில் நின்றது. ஊகத்தைத் திருத்த வேண்டியவர் மன்றத்துக்கு வராமையால் ஊகமே உத்தரவாயிற்று. அவ்வுத்தரவால் யாருக்கு என்ன பயன்? அவரால் 6,000 கட்ட இயலவில்லை. ஆகவே 1,000 கூடக் கட்டவில்லை. அக்குழந்தைக்கு ஏழு மாதமும் கிடைத்தது வெறுங்கை. கட்ட முடியாத தொகைக்கு உத்தரவு பெற்றவளுக்கும் அது வெறுங்காகிதமே. மகளிர் பிரிவுத் தாய்மார்களுக்கு நாங்கள் தரும் விடை இதுதான். பிழையான உத்தரவை முறைப்படி எதிர்க்கக் கற்றுக்கொடுப்பது, சரியான தொகை மாதந்தோறும் வந்து சேர்வதற்காகவே.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஜீவனாம்ச வழக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம். அதுவரை மனைவியும் மக்களும் எதை உண்பது? அதற்காக வழக்கின் தொடக்கத்திலேயே, சாட்சி விசாரணை முடியுமுன், ஒரு தொகையை மாதாமாதம் கொடுக்கச் சொல்லும் உத்தரவே இடைக்கால ஜீவனாம்சம். மனைவி, மக்கள், வயது முதிர்ந்த பெற்றோர் ஆகியோர் மதவேறுபாடின்றிக் கேட்கக்கூடிய ஜீவனாம்சம் 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இது 144-ஆம் பிரிவு. எண் மாறியதேயன்றிப் பொருள் பெரிதும் மாறவில்லை.

இடைக்காலத் தொகை பற்றி 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலில் ஒரு சொல்லும் இல்லை. அதிகாரம் சொல்லப்படாவிட்டாலும் மாஜிஸ்திரேட்டுக்கு அது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் அதனை எழுத்தில் கொண்டுவந்தது 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தில். ஏறத்தாழ நம் கழகத்தின் வயதுதான் அத்திருத்தத்துக்கும். எதிர்மனுதாரருக்கு நோட்டீசு சேர்ந்த நாளிலிருந்து, இயன்றவரை 60 நாட்களுக்குள் இடைக்கால மனுவை முடிக்க வேண்டும் என்று அதில் கூறப்பட்டது. தொகையின் உச்சவரம்பும் அப்போதுதான் நீங்கியது. இவ்வரம்பின் வரலாறு வியப்பானது. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாதம் 50 ரூபாய், 1923-இல் 100, 1955-இல் 500. அந்த 500 ரூபாய் நாற்பத்தாறு ஆண்டுகள் அசையாமல் நின்றது. அரிசி விலை நின்றதா என்று யாரும் கேட்கவில்லை.

சட்டமே பெண்கள் பக்கம் சாய்ந்துவிட்டது என்று நம் இளைஞர்கள் சிலர் குறைப்பட்டுக் கொள்கின்றனர். அவர்கள் வீட்டுச் சுவரில் டாக்டர் அம்பேத்கரின் படம் மாலையுடன் தொங்குகிறது. அவர் சட்ட அமைச்சராக இருந்து முன்னின்று நடத்திய இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவில் பெண்ணின் சொத்துரிமையோடு ஜீவனாம்ச உரிமையும் அடங்கியிருந்தது. அம்மசோதா கைவிடப்பட்டமை, 1951 செப்டம்பரில் அவர் பதவி துறந்ததற்கான காரணங்களுள் முதன்மையானது. அதனை நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

உத்தரவை எதிர்க்கும் வழிகள் யாவை? முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மேல் மன்றத்தில் மனுப் போட்டுவிட்டதாலேயே கீழ் மன்றத்து உத்தரவு நின்றுவிடாது. தடையாணை தனியே கேட்டுப் பெற வேண்டும். பெரும்பாலும் நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டு என்னும் நிபந்தனையோடுதான் அது கிடைக்கும். 'அப்பீல் போட்டிருக்கிறோம், இனிக் கட்ட வேண்டியதில்லை' என்று தெருமுனையில் கிடைக்கும் சட்ட ஆலோசனையை நம்பிக் கெட்டவர்கள் பலர். கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறையிலிட மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சிறைக்குப் போய்வந்தால் கடன் தீர்ந்தது என்பதும் தவறு. சிறை என்பது கட்ட வைக்கும் வழியேயன்றிக் கட்டியதற்கு ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியிருக்கிறது. பெண்கள் தரப்பில் கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. நிலுவையை வசூலிக்கும் வாரண்டுக்கான மனுவை, தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டுவிட வேண்டும். இரக்கப்பட்டுக் காத்திருந்தால் அவ்வழி அடைபட்டுவிடும்.

நாம் வராத வேளையில் ஒருதலைப்பட்சமாகப் பிறந்த உத்தரவாயின், அதே மன்றத்தில், வராமைக்குத் தக்க காரணம் காட்டி, மூன்று மாதங்களுக்குள் அதனை நீக்கக் கோரலாம். இம்மூன்று மாதம் உத்தரவு நாளிலிருந்து எண்ணப்படுவது; உத்தரவு தெரியவந்த நாளிலிருந்து எண்ணிய மன்றங்களும் உண்டு. அந்தச் சலுகையை நம்பி நாளைக் கடத்தலாகாது. இருதரப்பும் கேட்டுப் பிறந்த உத்தரவாயின் சீராய்வு மனுதான் வழி. உத்தரவிட்டவர் மாஜிஸ்திரேட்டாக இருப்பின் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ செல்லலாம். ஒன்றைத் தேர்ந்துகொண்டால் மற்றதில் மீண்டும் சீராய்வு கோர முடியாது. குடும்ப நீதிமன்றத்து உத்தரவாயின் உயர் நீதிமன்றம் ஒன்றே. தென் மாவட்டத்தார்க்கு 2004 முதல் மதுரைக் கிளை இருக்கிறது. சீராய்வுக்குக் காலவரம்பு 90 நாள். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லும் மனு ஒன்று கூடுதலாகத் தேவை.

இங்கே எதிர்த்தரப்பு வக்கீல் வழக்கமாக ஒரு தடை எழுப்புவார். வழக்கின் நடுவில் பிறக்கும் இடைநிலை உத்தரவுகளின் மேல் சீராய்வு கூடாது என்று சட்டம் சொல்லுகிறதே என்பார். இது வெறும் வாய்தா போடுவது போன்ற உத்தரவன்று, இருவரின் உரிமையைத் தொடுவது, ஆகவே சீராய்வு உண்டு என்று உயர் நீதிமன்றங்கள் பல தீர்ப்பளித்துள்ளன. மாறான தீர்ப்புகளும் இல்லாமலில்லை. உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தையும் அரசியலமைப்பின் 227-ஆவது கூறையும் அத்தகைய நேரத்தில் வக்கீல்கள் துணைக்கழைப்பர். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-இன்கீழ்ப் பிறந்த இடைக்கால உத்தரவுக்கு இந்தச் சிக்கல் குறைவு. உத்தரவு கையில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். விவாகரத்து வழக்கின் நடுவே இந்துத் திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவில் கேட்பது வேறொரு வகை. எந்தச் சட்டத்தில் பிறந்த உத்தரவு என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். உத்தரவின் தலைப்பிலேயே அது இருக்கும்.

இவையன்றி மற்றொரு வழியும் உண்டு. உத்தரவுக்குப் பின் நிலைமை மாறியிருந்தால், வேலை போயிற்று, நோய் வந்தது, மனைவிக்கு நிலையான வேலை கிடைத்தது என்பன போல, தொகையை மாற்றித் தருமாறு அதே மன்றத்தைக் கேட்கலாம். ஆனால் பழைய நிலுவையை இது கரைத்துவிடும் என்று எதிர்பார்க்கலாகாது.

வழிகளைக் காட்டிலும் காரணங்களே பெரிது. எக்காரணம் மன்றத்தில் நிற்கும், எது நிற்காது? எங்களிடம் வரும் இளைஞர்கள் முதலில் சொல்லுவது, "அவளாகத்தான் கிளம்பிப் போனாள்" என்பதே. தக்க காரணமின்றிப் பிரிந்தாள் என்று மெய்ப்பித்தால் அது இறுதி விசாரணையில் பயன்படலாம். இடைக்கால நிலையில் மன்றம் அதனை ஆராய்ந்து கொண்டிராது. குழந்தையின் பங்குக்கு அது பதிலே ஆகாது. "எங்களுக்குத் தாலி கட்டிய கல்யாணமே இல்லை" என்பது அடுத்தது. ஐயரின்றி, மாலை மாற்றி நடக்கும் சுயமரியாதைத் திருமணம் 1967-ஆம் ஆண்டுத் தமிழகத் திருத்தத்தால் சட்டமானது. அத்தகைய திருமணங்களுக்கு நம் கழக மண்டபமே சாட்சி. திருமணம் செல்லாததாயினும் பிள்ளையின் உரிமை கெடாது என்று அந்தப் பிரிவே கூறுகிறது. "அவளுக்குக் கைத்தொழில் தெரியும், சம்பாதிக்கலாம்" என்பதும் எடுபடுவதில்லை. சம்பாதிக்கக்கூடும் என்பது வேறு, சம்பாதிக்கிறாள் என்பது வேறு என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை.

இன்னும் சிலர், "வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டால் போகிறது" என்கின்றனர். உடல் நலமுள்ளவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காக்கக் கடமைப்பட்டவன் என்று உச்ச நீதிமன்றம் 2022-இலும் வலியுறுத்தியது. வேறெங்கோ ஒரு வணிகருக்கோ அதிகாரிக்கோ கூலி வேலை கடைசிப் புகலாக இருக்கலாம். நம் இளைஞர்கள் பலருக்கு அதுவே முதல் வேலை, அதுவே கடைசி வேலை. ஆகவே நமக்குப் பயன்படக்கூடிய காரணம் ஒன்றுதான்: மெய்யான வருமானம் எவ்வளவு, அதனை நம்பியிருக்கும் வயிறுகள் எத்தனை என்பதைத் தாளில் காட்டுவது.

இதற்கு வாய்ப்பளிப்பது 2020 நவம்பர் 4-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. 'ரஜ்னேஷ் எதிர் நேஹா' என்று வக்கீல்கள் குறிப்பிடுவர். ஜீவனாம்ச வழக்கில் கணவன் மனைவி இருவருமே தம் வருமானம், சொத்து, கடன், செலவு அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்பது அதன் சாரம். எதிர்மனுதாரர் பதிலையும் பத்திரத்தையும் அதிகபட்சம் நான்கு வாரத்துக்குள் தர வேண்டும். விவசாயத்தை நம்பி வாழ்வோருக்குத் தனிப் படிவம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஜீவனாம்சம் மனுத் தாக்கலான நாளிலிருந்து கணக்கிடப்படும் என்பதும் அத்தீர்ப்பில் உண்டு. வழக்கை இழுத்தடித்து இலாபம் பார்க்கலாம் என்பார்க்கு அது அடி.

அத்தீர்ப்பில் வறுமைக் கோட்டின்கீழ் வாழ்வோருக்கும் நாட்கூலித் தொழிலாளருக்கும் இப்பத்திரத்திலிருந்து விலக்கும் தரப்பட்டிருக்கிறது. நல்லெண்ணத்தில் தரப்பட்ட விலக்குதான். எனினும் நம்மவர்கள் அதனைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். ஏழையின் வருமானத்தை ஏழையே எழுதிக் கொடுக்காவிட்டால் அதனைப் பிறர் ஊகிப்பர். ஊகம் என்ன செய்யும் என்பதைத்தான் முதலில் பார்த்தோமே!

கழிவுகள் பற்றியும் இரண்டொரு சொல். வருமான வரி, சேமநல நிதி போன்று கட்டாயமாகப் பிடிக்கப்படுபவை போக எஞ்சியதையே மன்றம் கணக்கில் கொள்ளும். தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிளின் மாதக் கட்டணத்தைக் காட்டித் தொகையைக் குறைக்க முடியாது. நம்மை நம்பியுள்ள தாய் தந்தையரைக் காட்டலாம், காட்டவும் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று நிலையான வாய்ப்பாடு ஏதும் இச்சட்டத்தில் இல்லை. 2017-இல் ஒரு வழக்கில் நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு தக்கது என்று உச்ச நீதிமன்றம் கூறியதைப் பலர் விதியாகவே எடுத்துக்கொண்டனர். அது அந்த வழக்கின் நிலைக்கேற்பச் சொன்னது.

தூய்மைப் பணியாளரின் கதையை முடிக்க வேண்டும். அவருக்காக மனுத் தயாரித்தபோது, "சம்மன் கிடைக்கவே இல்லை என்று எழுதிவிடுவோம், வேலை சுலபமாகும்" என்றார் ஒரு வக்கீல் குமாஸ்தா. அவரோ கையெழுத்திட்டுச் சம்மனை வாங்கியவர். அக்கையெழுத்து நீதிமன்றக் கட்டில் இருக்கிறது. "வாங்கினேன், பெரியவர்கள் பேசி முடிப்பதாகச் சொன்னதை நம்பிப் போகாதிருந்துவிட்டேன்" என்று உள்ளபடியே எழுதச் சொன்னோம். அவ்வாறு எழுதினால் எங்கள் பெயரும் வெளிவரும் என்பது தெரிந்தே சொன்னோம். பேசி முடிப்பதாகச் சொன்ன எங்கள் உறுப்பினர் தாமும் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தார். செஷன்ஸ் நீதிமன்றத்தில் சீராய்வு மனுவும், நான்கு மாதத் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் போடப்பட்டன. நிலுவையில் பாதியை, அதாவது 21,000 ரூபாயை, நான்கு வாரத்தில் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையுடன் தடையாணை கிடைத்தது. அத்தொகையை அவருடைய தாயார் தம் மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்தார். பிறகு, இருவரிடமும் பத்திரம் வாங்கி மீண்டும் முடிவு செய்யுமாறு வழக்கு கீழ் மன்றத்துக்கே திரும்பியது.

அங்கே புதிய சிக்கல். ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் கூலி 480 ரூபாய் என்றிருந்தது. கையில் வந்தது 400. (அந்த 80 ரூபாய் எங்கே போகிறது என்பதற்குத் தனிக் கூட்டம் போட வேண்டும், இன்று நேரமில்லை.) நல்ல வேளையாகக் கூலி வங்கி வழியே வந்துகொண்டிருந்தது. பாஸ் புத்தகம் பேசிற்று. முடிவில் மன்றம் மாதம் 4,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதுவும் மனுத் தாக்கலான நாளிலிருந்தே.

வெளியே வந்ததும் அந்த இளைஞர், "2,000 ஆகும் என்று நினைத்தேனே" என்று முகம் வாடினார். கணக்குப் பார்த்தால் அவர் வாட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. 32,000 சம்பளம் என்று எண்ணியபோது மன்றம் விதித்த 6,000, அச்சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 10,400 என்று தெரிந்தபின் விதித்த 4,000, அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தொகை குறைந்தது, பங்கு கூடிவிட்டது. ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் உயிர் வாழ்வதற்குக் கீழ்வரம்பு ஒன்று உண்டு. அதற்குக் கீழே மன்றம் இறங்க மனங்கொள்ளவில்லை. கழக வாசலில் உட்கார்ந்து அரை மணி நேரம் இதனை அவருக்குச் சொன்னோம். உடன்பட்டாரா என்று கேட்டால், அன்று உடன்படவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து கட்டினார். இடையில் இரண்டு மாதம் தவறியது. பின்பு சேர்த்துக் கட்டினார். அக்குழந்தை இப்போது நம் மாலைப் பள்ளிக்கு வருகிறது.

உத்தரவை எதிர்ப்பது ஆண்கள் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். தொகை போதாது என்று சீராய்வு கேட்கும் உரிமை மனைவிக்கும் அவ்வாறே உண்டு. இதிலும் நாங்கள் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்றிருக்கிறது. இரண்டு பிள்ளைகளுடன் கட்டட வேலைக்குச் செல்லும் ஒரு தாய்க்கு மாதம் 1,500 ரூபாய்தான் உத்தரவாயிற்று. கணவர் அரசுத் துறையொன்றில் நல்ல ஊதியம் பெறுபவர். மன்றத்திலோ தம்மைத் தற்காலிக ஊழியர் என்று சொல்லியிருந்தார். அவர் நம் கழகக் கட்டட நிதிக்கு நன்கொடை தந்தவர். அந்தத் தாய் வந்து உதவி கேட்டபோது எங்கள் குழு மூன்று கூட்டங்கள் கூடியும் முடிவெடுக்கவில்லை. நாலாவது கூட்டத்துக்கு முன்பே அவர் தாமாக வட்டச் சட்டப்பணிகள் குழுவுக்குச் சென்று வக்கீல் பெற்றுவிட்டார். சம்பளச் சான்று மன்றத்துக்கு வரவழைக்கப்பட்டது. தொகையும் பன்மடங்கு உயர்ந்தது. நன்கொடையாளர் அதன்பின் நம் விழாக்களுக்கு வருவதில்லை. அந்தத் தாய் இன்று இம்மண்டபத்தில் இருக்கிறார். எங்கள் குழுவிலும் இருக்கிறார்.

அவர் சென்ற இடத்தை அனைவரும் அறிந்துகொள்ள வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவாயினும் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரப்படும். நம் குடும்பங்களில் வழக்காடும் கணவன் மனைவி இருவருக்குமே இவ்வுரிமை உண்டு. இருவருக்கும் வெவ்வேறு வக்கீல் தருவார்கள். கிறித்தவரான நம் உறவினர் ஆண்களுக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடைப்பதில்லை. ஆயினும் வருமான வரம்புக்குள் இருந்தால் அவர்களும் பெறலாம். இக்குழுக்களின் அலுவலகம் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 15100 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசியும் கேட்கலாம். நகை அடகு வைத்து வக்கீலுக்குக் கொடுத்துவிட்டு, ஜீவனாம்சம் கட்டப் பணமில்லை என்று எங்களிடம் வருகிறவர்களைக் காணும்போது, இத்தனை ஆண்டுகள் நாம் எதைக் கற்பித்தோம் என்று மனம் வருந்துகிறது.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் குழு இம்மண்டபத்தில் கூடும். கணவர் தரப்புக்கு ஒரு மேசை, மனைவி தரப்புக்கு வேறு மேசை. ஒரு மேசையில் சொன்னது மறு மேசைக்குப் போகாது. வருகிறவர்கள் உத்தரவின் சான்றிட்ட நகல், வங்கிப் பாஸ் புத்தகம், கூலிச் சீட்டு அல்லது வேலை அடையாள அட்டை, குடும்ப அட்டை, சாதிச் சான்று, பெற்றோருக்கு மருத்துவச் செலவு இருப்பின் அதன் சீட்டுகள் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். சம்மன் தபாலில் வந்திருந்தால் அதனை உறையோடு கொண்டு வாருங்கள். உறையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். தபால் எந்த நாளில் வந்தது என்பதற்கு அதன் மேலுள்ள முத்திரையே சான்று. இனி அதனை எங்களில் யார் வாங்கிப் பார்த்தாலும், பார்த்த தேதியைக் குறித்துக் கையெழுத்திட்டுத் தருவோம்.